விளாதிமிரின் ப்ராஸ்டேட்

உப்புக்கல்:
நேற்று நிலவரசி அம்மையார் போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "பெண்கள் நடிக்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போன நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டைக் கொண்டாட வெட்கமாக இல்லையா?" இல்லை அம்மா, எனக்கு வெட்கமாக இல்லை. 1988-இல் நெதர்லாந்தின் ஹார்லெமில் ஒரு குழு, வராத ஒருவனுக்காக இருவர் காத்துக் கிடக்கும் அவருடைய 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் பெண்களை வைத்துப் போட்டது. பெக்கெட் வழக்குப் போட்டார். பெண்களுக்கு ப்ராஸ்டேட் கிடையாது என்று காரணமும் சொன்னார்; வயதான ஆண்களுக்குச் சிறுநீர்த் தொல்லை தரும் சுரப்பி அது. காத்திருக்கும் இருவரில் ஒருவனான விளாதிமிருக்குச் சிரித்தாலே அடிவயிற்றில் நோவு. பேச்சை நடுவில் விட்டுவிட்டு ஒதுங்க ஓடுகிறான். அது வயதான ஆணின் உடம்பு. பெண்ணைப் போட்டால் அந்த நோவு எங்கே போகும்?

நிலவரசி:
வழக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டீர்களே. பெக்கெட் தோற்றார். இது மனிதர்கள் எல்லாருடைய நிலையையும் பற்றிய நாடகம், பிரதிக்குப் பங்கம் வரவில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில் நெதர்லாந்து முழுவதற்குமே தன் நாடகங்களைத் தடை செய்தார் உங்கள் மகான். சரி, ஒரே கேள்வி. நாடகத்தில் 'ப்ராஸ்டேட்' எங்கே வருகிறது? பக்கம் சொல்லுங்கள்.

உப்புக்கல்:
பெயர் சொல்லித்தான் நோய் வர வேண்டுமா? காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்கிறவரிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்பீர்களோ?

பழைய சோறு:
பெண்களுக்கு அடிக்கடி ஒதுங்கும் தொல்லையே கிடையாது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். இதை வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு, உயிரோடு இருந்தால் திரும்பி வருகிறேன்.

நிலவரசி:
பக்கம்?

உப்புக்கல்:
பழைய சோறு தம்பி, நீங்கள் சிரிக்க வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1957 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சான் குவெண்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகளுக்கு முன்னால் இயக்குநர் ஹெர்பர்ட் பிளாவ் இதே நாடகத்தைப் போட்டார். பாரிஸிலும் லண்டனிலும் படித்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்த நாடகம் அந்தக் கைதிகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அங்கே அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? அதில் பெண்ணே இல்லை என்பதுதான்! நாடக விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் எழுதியிருக்கிறார். சிறைக்காரர்களுக்கு இருந்த தெளிவு ஹார்லெம் நீதிபதிக்கு இல்லை. அப்புறம், பெண்களுக்கு அவர் எழுதவே இல்லையா என்ன? 'ஹேப்பி டேஸ்' நாடகத்தின் வின்னி மாதிரி ஒரு பாத்திரத்தை வேறு யார் எழுதினார்கள்? 'நாட் ஐ' நாடகத்தில் நடிகை பில்லி வைட்லாவை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று பாருங்கள்.

நிலவரசி:
பார்த்தேனே. வின்னியை முதல் அங்கத்தில் இடுப்பு வரை மண்ணில் புதைத்தார், இரண்டாம் அங்கத்தில் கழுத்து வரை. பில்லி வைட்லாவுக்கு இருட்டில் வாயை மட்டும் விட்டுவைத்தார். ரொம்ப மரியாதை! பக்கம் இன்னும் வரவில்லை.

தாழ்வாரம்:
ஒரு சந்தேகம். 'பிரதிக்கு விசுவாசம்' என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வசனத்தையா, மேடைக் குறிப்பையா, நடிகரின் உடம்பையா? அதை முதலில் பேசிக்கொண்டால் தேவலை.

உப்புக்கல்:
அதெல்லாம் அப்புறம். அந்த நோவு ஆணின் நோவு. எழுதியவரே சொல்லியாகிவிட்டது, இதில் பக்கம் என்ன பக்கம்?

நிலவரசி:
1993-இல் போஸ்னியப் போரில் குண்டு விழுந்துகொண்டிருந்த சாராயெவோவில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் கோதோவைப் போட்டார். மெழுகுவத்தி வெளிச்சம். மேடையில் காத்திருப்பவர்கள் மூன்று ஜோடிகள்: இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஓர் ஆணும் பெண்ணும். யாரும் வராத அந்த ஊரில் காத்திருக்கவும் ப்ராஸ்டேட் வேண்டுமா ஐயா?

உப்புக்கல்:
முதல் அங்கத்தை மட்டும்தான் போட்டார், அதையும் சொல்லுங்கள். மரத்தில் இலை வருவதே இரண்டாம் அங்கத்தில்தான். பாதி நாடகத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள். போன மாதம் ஐரிஷ் நாடகாசிரியர் சிஞ்ச் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் அரைகுறையாக எதையோ கொண்டுவந்தீர்கள், நான் மறக்கவில்லை.

கிழக்குவாசல்:
இந்த மனிதரை ஐரிஷ் நாடகாசிரியர் என்பதே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. கோதோவை எழுதியது பிரெஞ்சில். முதல் மேடையேற்றம் 1953 ஜனவரியில் பாரிஸ் பாபிலோன் அரங்கில். செத்துப் புதைந்ததும் பாரிஸில். டப்ளின் குடிசைப்பகுதியை மேடைக்குக் கொண்டுவந்த ஷான் ஓகேசி இருக்க, இவருக்கு எதற்கு அந்தப் பட்டம்?

உப்புக்கல்:
வந்தாயிற்றா? பெக்கெட் பிறந்தது 1906-இல், டப்ளினை ஒட்டிய ஃபாக்ஸ்ராக்கில். படித்தது டிரினிட்டி கல்லூரியில். உங்கள் ஓகேசிக்கே வருகிறேன். 1958-இல் டப்ளின் நாடக விழாவில் பேராயரின் அதிருப்தியால் ஓகேசியின் நாடகத்துக்குச் சிக்கல் வந்ததே, அப்போது தன் நாடகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டவர் யார்? அதோடு விடாமல் 1960 வரை அயர்லாந்தில் தன் நாடகங்களைப் போட அனுமதிக்கவில்லை. ஓகேசிக்காகச் சொந்த நாட்டோடு மல்லுக்கு நின்றவர் அவர். கொஞ்சம் நன்றியோடு பேசுங்கள்.

நிலவரசி:
அடடா, நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். பேராயர் செய்தால் தணிக்கை, பெக்கெட் செய்தால் கலையா?

உப்புக்கல்:
பேராயர் அடுத்தவன் எழுதியதில் கை வைத்தார். பெக்கெட் தான் எழுதியதைக் காத்தார். இந்த வித்தியாசம்கூடப் புரியாதவர்களிடம் ப்ராஸ்டேட்டைப் பற்றி என்ன பேசுவது!

பழைய சோறு:
வீட்டிலிருந்து பத்திரமாகத் திரும்பிவிட்டேன். 2023 தொடக்கத்தில் அதே நெதர்லாந்தில், க்ரோனிங்கன் பல்கலைக்கழக அரங்கில் மாணவர்கள் போடவிருந்த கோதோ ரத்தானது. ஏன்? நடிகர் தேர்வுக்கு ஆண்களை மட்டும் கூப்பிட்டார்களாம். அந்த நாட்டில் பெண்ணைப் போட்டால் வழக்கு, போடாவிட்டால் பூட்டு.

உப்புக்கல்:
பார்த்தீர்களா! எழுதியவர் ஐந்து ஆண்களை எழுதியிருக்க, பையன்களை அழைத்ததற்கு அரங்கைச் சாத்துகிறார்கள். நிலவரசி அம்மையாருக்கு இப்போது மனம் குளிர்ந்திருக்கும்.

நிலவரசி:
அந்த ரத்து முட்டாள்தனம் என்று நானும் சொல்வேன். அதற்காக நீங்கள் பக்கம் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

கிழக்குவாசல்:
நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை. ஆங்கிலத்தில்கூட அந்த நாடகம் முதலில் வந்தது லண்டனில்தான், 1955 ஆகஸ்ட், ஆர்ட்ஸ் தியேட்டர். டப்ளினுக்கு அக்டோபர். ஐரிஷ்காரராம்!

உப்புக்கல்:
அதை டப்ளினில் போட்ட பைக் தியேட்டர் எத்தனை சின்ன இடம், அதன் இயக்குநர் ஆலன் சிம்ப்சன் எத்தனை துணிச்சலாகப் போட்டார் என்பதெல்லாம் தெரியுமா உங்களுக்கு? தேதியை மட்டும் எண்ணிக்கொண்டிருங்கள். நாளை பெக்கெட்டின் 'ஃபுட்ஃபால்ஸ்' நாடக விவகாரத்தை எடுக்கிறேன். 1994-இல் லண்டனில் இயக்குநர் டெபோரா வார்னர் மேடைக் குறிப்பை மீறினார் என்று பெக்கெட்டின் உரிமைக்காரர்கள் கண்டித்ததும் சரிதான் என்று காட்டுகிறேன்.

பழைய சோறு:
அதில் எந்த உறுப்பு சார்?