பெரியூட்டுக் குரூப்: அட்டாலியில் கிடந்த துப்பாக்கி

கவின், காங்கயம் (7:12)
[படம்] [படம்]
பெரியப்பா, பெரிய அப்பாரு பட்டாளத்துல இருந்து கொண்டாந்ததுங்க. அட்டாலியில கெடந்துச்சு. மண்ணெண்ணெய் போட்டு உப்புத்தாள்ல தேச்சா நம்பரு தெரியுமுங்களா?

சுபேதார் பெரியப்பா (7:14)
தேய்க்காதே கண்ணு! அந்த முத்திரையெல்லாம் நகக்கண் ஆழங்கூட இருக்காது. நாலு இழுப்புல போயிரும். அப்பறம் அது வெறும் இரும்புக்குழாய்.

வக்கீல் அக்கா (7:17)
லைசென்ஸ் இருக்குதா?

கவின் (7:17)
இல்லீங்கக்கா

வக்கீல் அக்கா (7:21)
அப்ப அது வீட்ல இருக்கப்படாது. 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவு: ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள வியாபாரிகிட்டயோ ஒப்படைக்கோணும். நீயா கோணிப்பையில சுத்தி எடுத்துட்டுப் போயிராதே. போன் பண்ணு, எழுதிக் குடு, அவங்க சொல்ற மாதிரி செய். ரசீதுல நம்பரும் நீளமும் எழுதி வாங்கு.

சூலூர் சித்தப்பா (7:23)
நூறு வருசத்துப் பழசு, அதுக்கெல்லாம் சட்டமா?

வக்கீல் அக்கா (7:25)
சித்தப்பா, 45ஆம் பிரிவு விலக்கு பழசுங்கறதுக்காக இல்லீங்க. ரிப்பேர் பண்ணினாக்கூடச் சுட முடியாததுக்குத்தான். அதை நாம முடிவு பண்ண முடியாது.

சுபேதார் பெரியப்பா (7:31)
உள்ள தோட்டா இருக்கலாம். போல்ட்டை, அதான் தோட்டா ஏத்துற கைப்பிடியை, இழுக்காதே. போலீஸ் ஆர்மரர், துப்பாக்கி பாத்துக்கற ஆளு, பாத்துக்குவார். காலி பண்ணினப்பறம் அங்கயே கேட்டு போட்டோ எடு. டார்ச்சை நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல சாய்ச்சு அடி. பள்ளத்துல நெழல் விழுந்தா எழுத்து தானா எந்திரிக்கும்.

கவின் (7:33)
ரெண்டாவது படத்துல சக்கரமாட்ட ஒண்ணு இருக்குதுங்களே?

சுபேதார் பெரியப்பா (7:40)
சக்கரமில்ல, சாமந்திப்பூ. 16 இதழ், ஜப்பான் அரச முத்திரை. அரிசாக்கா ரைபிள். பூவுக்குக் கீழ பாரு: மூணு படுக்கைக் கோடு, அதுக்கடியில ரெண்டு சாய்வுக் கோடு இருந்தா 38ஆம் மாடல். ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா 99.

38ன்னா 1938ல செஞ்சதுன்னு எழுதி வெச்சிராதே. ஜப்பான் ராஜா மெய்ஜி ஆட்சியோட 38ஆம் வருசம், அதாவது 1905ல ஏத்துக்கிட்ட மாடல். 99ங்கறது ஜப்பான் வருசக் கணக்குல 2599ஓட கடைசி ரெண்டு எண், நம்ம 1939. எழுத்து அழிஞ்சிருந்தா டேப் வெச்சு நீளத்தை அள. 38 நீள ரைபிள்னா சுமார் 4 அடி 2 அங்குலம், 99 குட்டை ரைபிள்னா 3 அடி 8.

கவின் (7:42)
பின்கட்டை ஒடஞ்சு ஒட்டினாப்ல இருக்குதுங்க

சுபேதார் பெரியப்பா (7:44)
ஒடையல. அவங்க ரெண்டு துண்டு மரத்தைச் சேத்துத்தான் பின்கட்டை செஞ்சாங்க. பெவிகால் பக்கம் போகாதே 😄

சுபேதார் பெரியப்பா (7:52)
இடப்பக்க நம்பர்தான் முக்கியம். அதுக்கு முன்னால வட்டத்துக்குள்ள ஒரு ஜப்பான் எழுத்து இருந்தா அதையும் சேத்து எடு. ஒவ்வொரு எழுத்துக்கும் 99,999 வரைக்கும் ஓடி, அடுத்த எழுத்துல மறுபடி முதல்ல இருந்து. எழுத்தை விட்டுட்டா அதே நம்பர்ல நாலு துப்பாக்கி நிக்கும். நம்பருக்குப் பின்னால இருக்கறது தொழிற்சாலை முத்திரை. நாலு வட்டம் அடுக்கினாப்ல இருந்தா டோக்கியோ, பிற்பாடு கொக்குரா.

சூலூர் சித்தப்பா (7:55)
பூ இருந்தா சண்டையில புடிச்சதுன்னு அர்த்தமாமே?

சுபேதார் பெரியப்பா (8:01)
பாதி உண்மை. 1945 ஆகஸ்டுல சரணடைஞ்சப்பறம் ஒப்படைச்சதுல நெறையப் பூவை அரம் போட்டு அழிச்சிருப்பாங்க. பூ முழுசா இருந்தா அதுக்கு முந்தி கை மாறியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். பூ மேல சின்ன வட்டம் குத்தியிருந்தா பட்டாளத்துல இருந்து கழிச்சு, பள்ளிக்கூடப் பயிற்சிக்குக் குடுத்ததா இருக்கலாம். போல்ட் நம்பரும் பாரு. சரணடைஞ்சப்ப போல்ட்டைத் தனியாக் குமிச்சாங்க, அதனால மாறியிருக்கும்.

ஆனா ஒண்ணு. துப்பாக்கி எங்க பொறந்துச்சுன்னு சொல்லும். யார் கைக்கு வந்துச்சுன்னு சொல்லாது. அதுக்குக் காயிதம் வேணும். அப்பாரு பொட்டியில டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புக், மெடல் தேடு. பர்மா ஸ்டார் மெடல் இருந்தா ஜப்பான் கதை பொருந்தும். ஆப்பிரிக்கா ஸ்டார் மட்டும்னா இடிக்குது, அங்க எதிரி இத்தாலிக்காரனும் ஜெர்மன்காரனும்.

பட்டாள நம்பர் கெடைச்சா ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா (பட்டாளத்து இன்ஜினியர் படை) பெங்களூர். யூனிட் தெரிஞ்சப்பறம் லண்டன்ல கியூங்கற எடத்துல இருக்கற ஆவணக் காப்பகத்துல டபிள்யூ.ஓ. 172 வரிசையில பர்மாப் பக்கத்து யூனிட் போர் டைரி தேடலாம். யூனிட் பேரில்லாமத் தேடுனா முங்கிப் போயிருவே.

கவின் (8:20)
ஸ்டேஷன்ல பேசிட்டனுங்க. அவங்களே வந்து எடுத்துக்கறாங்களாம், மத்தியானம் ஆர்மரரும் வர்றாராம்.

சுபேதார் பெரியப்பா (8:21)
டேப் எடுத்து வெச்சுக்கோ. குழல் முனையில இருந்து கட்டை அடி வரைக்கும் அள.