சூதுல தோத்ததா சண்டையில வெண்டதா, எது பெரிய நட்டம்?

படுவான்கரைப்_பொடியன்:
போன கிழம பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீ மிதிப்புக்குப் போனநான். போற வழியில, கல்முனைக்குக் கிட்ட, லொத்தர்ச் சீட்டு விக்கிற ஒருத்தர் ஸ்பீக்கர் கட்டின சைக்கிளோட நிண்டு கத்திக்கொண்டிருந்தார், நானும் 40 ரூவா குடுத்து மகாஜன சம்பத டிக்கட் ஒண்டு எடுத்து சட்டப்பையில வச்சிக்கொண்டு கோயிலுக்குப் போயிட்டன். அங்க 18 நாளும் பாரதக் கதைதானே. தணல் பரப்பிக் கிடக்கு, சனம் மஞ்சளோட வரிசையில நிக்குது, எனக்கெண்டா பையில கிடக்கிற டிக்கட் நினப்பு. அப்பதான் ஒண்டு விளங்கின. தருமர் சூதுல தோத்த நாடு மறுகா அவருக்குக் கிடைச்ச. சண்டையில வெண்டும் இழந்ததுகள்தான் திரும்பி வரவேயில்ல. பாஞ்சாலிட அஞ்சு பொடியன்மாரும் செத்தது 18 நாள் சண்டைக்குள்ள இல்ல, எல்லாம் வெண்டு முடிஞ்ச அண்டைக்கு ராவு, நித்திரையில.
என்ட கட்சி இதுதான், தோத்தவனுக்கு அண்டையோட கணக்கு முடிஞ்சிரும், வெண்டவனுக்கு முடியாது. லொத்தரும் அப்பிடித்தான். எங்கட ஊருல ஒருத்தருக்கு நல்ல தொகை விழுந்து ரெண்டு வருசத்துல கூடப்பிறந்த தம்பியோட பேச்சில்ல. தாய்ட செத்த வீட்டுக்கு அந்தத் தம்பி வந்து வேலிக்கு வெளிய நிண்டு பாத்துட்டுப் போயிட்டான். மறுக்கிற ஆக்கள் வாங்க.

டிக்கட்_சைக்கிள்:
தம்பி அந்த ஸ்பீக்கர் நானாவும் இருக்கலாம் 😀
விழுந்தவன் கெட்டுப்போனான் எண்டுறது விழாத ஆக்கள் ஆறுதலுக்குச் சொல்லுற கதை. என்னட்ட ஒரு மேசன் அண்ணன் கிழமைக்கு ரெண்டு டிக்கட் எடுப்பார், மடிச்சு ஹெல்மட்டுக்குள்ள சொருகிக்கொண்டு போவார். 20 ரூவா டிக்கட்ட 2022ல 40 ஆக்கினதும் ரெண்ட ஒண்டாக் குறைச்சிட்டார், விடல்ல. கேட்டா சொல்லுவார், சீட்டிழுப்பு மட்டும் வீட்டுக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருப்பன் எண்டு. ஊருக்கெல்லாம் மேல்மாடி கட்டுற மனுசன், அவர்ர வீடு இன்னும் தகரம். அந்த நினப்புக்கு 40 ரூவா கூடவா?

சம்மாந்துறைக்_காக்கா:
கூடதான். மகாஜன சம்பதயில ஒரு இங்கிலீஸ் எழுத்து, ஆறு இலக்கம். 26 எழுத்த 10 லட்சத்தால பெருக்குங்க, 2 கோடியே 60 லட்சம். அதுல ஒண்டுதான் உங்கட மேசன்ட மேல்மாடி. எங்களுக்கு இது ஹறாம், அது ஒரு பக்கம் இரிக்கட்டும். மார்க்கத்த விட்டுப் பாத்தாலும் விழுறவன் எடுக்கிற காசு ஆர்ர காசு? விழாத அத்தன பேர்ரயும் 40 ரூவாதானே?

டிக்கட்_சைக்கிள்:
எல்லாம் பரிசுக்கே போற இல்ல காக்கா. அபிவிருத்தி லொத்தர் சபைட காசு மகாபொலவுக்கும், கம்பஸ் பிள்ளைகளுக்குக் குடுக்கிற உதவிப் பணத்துக்கும்தான், போகுது. என்ட மகள் அந்த மகாபொல எடுத்துத்தான் வந்தாறுமூலைக் கம்பஸ்ல படிச்சவ. ஏழைட காச எடுத்து ஏழைட பிள்ளைக்குக் குடுக்கிற எண்டு நீங்க சொல்லுவீங்க, சொல்லுங்க, ஆனா புள்ள படிச்சிட்டா.

ஆரையம்பதி_டீச்சர்:
லொத்தர் விழுந்தா கெட்டுருவாங்க எண்டுறதுக்கு 1978ல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வக் காட்டுற ஆக்கள் இருக்காங்க. அதுல கூட கெட்டாங்க எண்டு இல்ல, மற்ற ஆக்கள விட பெருசா சந்தோசமா இல்ல எண்டுதான் இருந்த. கேட்ட ஆக்களும் 22 பேர்தான். 2020ல சுவீடன் ஆய்வு ஒண்டு வந்த, 3000க்கு மேல ஆக்கள், விழுந்து அஞ்சு வருசத்துல இருந்து 22 வருசம் வரைக்கும் கழிச்சுக் கேட்டிருக்காங்க, பெரிய தொகை விழுந்த ஆக்கள் வாழ்க்கையில திருப்தி கூடினதாத்தான் சொல்லியிருக்காங்க. அதால மனே, உங்கட ஊரு அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ முந்தியே இருந்திருக்கும்.

படுவான்கரைப்_பொடியன்:
ஓம் டீச்சர், வளவுப் பிரச்சினை முந்தியே இருந்த. லொத்தர் விசயத்துல இறங்கி வாறன். சண்டை விசயத்துல வர மாட்டன்.

நேராக்_கதைக்கிறவன்:
வரத்தான் வேணும். எங்கட நாட்டுச் சண்டையையே பாரு, ராணுவமும் புலிகளும் அடிபட்டு ஒரு பக்கம் வெண்டதாலதான் 2009ல முடிஞ்ச. முந்தி மண்முனைத்துறையில வாவியக் கடக்கிற பாதைக்கு, அந்த மிதவைக்கு, நிண்டு வெயிலுக்குள்ள காய்ஞ்சு, ராவையில ஒரு பிள்ளத்தாச்சிக்கு நோ வந்தா தோணிக்காரன எழுப்பி, அதுக்குள்ள செக் பொயின்ட்ல ஐடென்டிகாட். 2014ல பாலம் திறந்த. இப்ப மோட்டச்சைக்கிள்ல கொக்கட்டிச்சோலையில இருந்து மட்டக்களப்புப் பட்டிணத்துக்கு எவ்வளவு நேரம்? நீ தீ மிதிப்புக்குப் போனதும் அந்தப் பாலத்தாலதானே ராசா. அதுல ஏறிப் போய்ட்டு வந்து வெண்டது நட்டம் எண்டுறாய்.

படுவான்கரைப்_பொடியன்:
அந்தப் பாலத்தாலதான் போன, இல்லெண்டல்ல. ஆனா அண்ணே, முடிஞ்சது வேற வெண்டது வேற. 2007 மார்ச்சுல நாங்க ஊர விட்டு ஓடி வந்து கூடாரத்துல கிடந்த. தறப்பாளுக்குக் கீழ பகல்ல இருக்கேலாது, அவ்வளவு சூடு. அம்மா சோத்துப் பானைய ஈரச்சாக்கால மூடி வைப்பா. ஜூலையில புலிகள்ட்ட இருந்து ராணுவம் குடும்பிமலையப் பிடிச்சாச்சு எண்டு கொழும்புல விழா. ரேடியோவுல கேட்டநாங்க. கிழக்கு கிடைச்சாம். கிழக்குல இருந்த நாங்க அந்த நேரம் தண்ணி பவுசருக்கு வாளி வச்சி லைன்ல நிண்ட.

ஆரையம்பதி_டீச்சர்:
பிரித்தானியாவையே பாருங்க. 1945ல வெண்டாங்க. சண்டை நடக்கக்குள்ள பங்கீட்டுல இல்லாத பாண (ரொட்டிய), வெண்ட பிறகு 1946லதான் பங்கீட்டுக்குக் கொண்டுவந்த. பங்கீடு முழுக்க முடிய 1954 ஆகின. அமெரிக்காட்ட 1946ல எடுத்த கடன் 2006லதான் கட்டி முடிஞ்ச. பேரப்பிள்ளைகள் கட்டினதுகள்.

நேராக்_கதைக்கிறவன்:
டீச்சர் பாண் கதை சொல்லாதீங்க. ஹிட்லர் வெண்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு சொல்லுங்க முதல்.

ஆரையம்பதி_டீச்சர்:
அதுக்கு என்னட்ட பதில் இல்ல. அதுல நீங்க சரி.

சம்மாந்துறைக்_காக்கா:
எனக்கு இந்த ரெண்டையும் ஒண்டா வச்சிப் பேசுறதே பிடிக்கல்ல. லொத்தர்ல டிக்கட் எடுத்தவன்தான் தோப்பான். 40 ரூவாயோட போயிரும். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிகள்ல தொழுதுக்கொண்டு நிண்ட ஆக்களப் புலிகள் சுட்ட, 100க்கு மேல மௌத்து, சின்னப் புள்ளைகளும். அவங்க எந்தப் பக்கத்து டிக்கட் எடுத்த? அடுத்த மாசம் சத்துருக்கொண்டான்ல ராணுவம் கூட்டிக்கொண்டு போன தமிழாக்கள் எந்த டிக்கட் எடுத்த? எனக்கு அப்ப 11 வயசு. உம்மா கதவுக்கு அலுமாரிய இழுத்து வச்சிட்டு ராவெல்லாம் முழிச்சிருப்பா, அந்த அலுமாரிட ஒரு கால் இண்டைக்கும் ஆடுது. ஆர் வெண்டாலும் சரி எண்டு நீங்க கதைக்கிறது அந்த ஆக்கள்ற கணக்குல இல்ல.

நேராக்_கதைக்கிறவன்:
ஆர் வெண்டாலும் சரி எண்டு நான் சொல்லல்ல காக்கா. முடிஞ்சதே போதும் எண்டுறன். உங்கட உம்மா இப்ப கதவத் திறந்து வச்சிட்டுப் படுக்கிறாதானே?

சம்மாந்துறைக்_காக்கா:
உம்மா மௌத்தாகிட்டா. கடைசி மட்டும் பூட்டித்தான் படுத்த.

கன்னங்குடாக்_கூத்தன்:
பிந்தி வாறன். கண்ணகி அம்மன் கோயில்ல கொம்பு முறிக்கிற விளையாட்ட ஒருத்தரும் சொல்லல்லயே? வளைஞ்ச கொம்பு ரெண்டக் கொழுவி, தென்சேரி கண்ணகி பக்கம், வடசேரி கோவலன் பக்கம் எண்டு கயிறு கட்டி ஊரே இழுக்கும். கொம்பு முறிஞ்ச பக்கம் தோத்த. வெண்டவன் நக்கலாப் பாட்டுப் பாடுவான், தோத்தவன் வாய பொத்திக்கொண்டு கேக்கணும். மறுகா ரெண்டு சேரியும் ஒரே அம்மனுக்கு முன்னால நிண்டுதான் குளிர்த்தி, அம்மனக் குளிர வைக்கிற சடங்கு. அப்பப்பாட ஆக்களுக்கு வெல்லத் தெரிஞ்சிருக்கு, அடுத்தநாள் ஒரே கிணத்துல தண்ணி அள்ளுற அளவுக்கு.

நேராக்_கதைக்கிறவன்:
அடிபட்டு அதையும் நிப்பாட்டின ஊர் இருக்கு கூத்தன்.

கன்னங்குடாக்_கூத்தன்:
இருக்கு. எங்கட பக்கத்து ஊரு 😐

டிக்கட்_சைக்கிள்:
தம்பி பொடியன், எல்லாம் கதைச்சாச்சு, நம்பரப் பாத்தயா இல்லயா?

படுவான்கரைப்_பொடியன்:
இல்லண்ணே. சட்ட தோய்க்கக்குள்ள அம்மா எடுத்து சாமித்தட்டுல திருநீத்துச் சட்டிக்குக் கீழ வச்சிட்டா, மாமாட படத்துக்குப் பக்கத்துல. மாமா அவட தம்பி, 1990ல பிடிச்சுக்கொண்டு போன. படத்துக்கு இன்னும் மாலை போட விடல்ல. டிக்கட்டையும் பாக்க விடுறா இல்ல, கிடக்கட்டும் மனே, பாத்தா முடிஞ்சிரும் எண்டுறா.

டிக்கட்_சைக்கிள்:
தவணை தாண்டினா காசு குடுக்க மாட்டாங்க எண்டு அம்மாட்டச் சொல்லுங்க தம்பி. ஆறுதலாச் சொல்லுங்க.