சபைகளின் உறுப்பினர் வளர்ச்சியை ஒப்பிடுவது எப்படி?

அஸ்தம்பட்டி வாசகர்:
சேலம் மாவட்டக் கிறித்தவ சபைகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தேயினர் ஆகிய முத்தரப்பாரிடமும் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, யார் எத்தனை விழுக்காடு வளர்ந்திருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்த எண்ணுகிறேன். அரசுக் கணக்கெடுப்பு கிறித்தவர் அனைவரையும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுவதால், சபைகள் தரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஏற்காட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கூடாது ஐயா. கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரச் சமூகத்தில், கைக்குழந்தையே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு கணக்கு, திடப்படுத்தல் என்னும், விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் சடங்குக்குப் பின் இராப்போஜனத்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாட்டில்) பங்கு பெறுவோர் வேறொரு கணக்கு. உங்களுக்குக் கொடுத்தது எது என்று கேட்டாக வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளோ விவரமறிந்த வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவரையே பெரும்பாலும் உறுப்பினராகக் கொள்வதால், வாரந்தோறும் ஆராதனைக்கு வரும் சிறுபிள்ளைகள் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், விலகிச் செல்பவர்களால் வருவது. திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் ஒருவருடைய உறுதிப்பூசுதலும் (திடப்படுத்தலுக்குக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) திருமணமும் குறிக்கப்படும். ஆனால் அவர் வேலைக்காகத் திருப்பூருக்குப் போய், அங்கே வேறொரு சபையில் மறுபடியும் முழுக்கு எடுத்துக்கொண்டதை ஏற்காட்டுப் பங்குத்தந்தைக்கு யார் சொல்லப்போகிறார்கள்? இரண்டு சபைகளும் அவரைத் தம்மவராகவே எண்ணிக்கொண்டிருக்கும். தோட்ட வேலைக்கு மலையேறி வந்து, சில காலம் கழித்து இறங்கிப் போகும் குடும்பங்கள் உள்ள ஊரில் இது சில்லறைப் பிழையன்று.

சூரமங்கலம் நண்பர்:
அரசுக் கணக்கை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கிறித்தவர் 2001இல் சுமார் 37.85 லட்சம், 2011இல் 44.18 லட்சம், பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 16.7 விழுக்காடு. மாநில மக்கள்தொகையே 15.6 விழுக்காடு கூடியதால், மொத்தத்தில் அவர்கள் பங்கு 6.07இலிருந்து 6.12 விழுக்காடாக மட்டுமே நகர்ந்தது. மாநிலம் முழுவதற்குமான இந்தப் பின்னணி இல்லாமல் எந்தச் சபையின் பெருமிதத்தையும் எடைபோட முடியாது. ஆனால் பட்டியல் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவராக மாறியவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்பதால், தேவாலயத்துக்குச் செல்லும் சிலர் கணக்கெடுப்பில் இந்து என்றே பதிந்துகொள்வதும் உண்டு.

பெயர் வேண்டாதவர்:
அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபைகளில் 2006இல் 1.63 கோடியாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, 2023இல் 1.3 கோடிக்கும் கீழே இறங்கியது. அதே 2023இல் ஞானஸ்நானங்கள் முந்தைய ஆண்டைவிட 26 விழுக்காடு கூடியிருந்தன! ஆகவே ஞானஸ்நானம், இறந்தோர் அடக்கம், வேறு சபையிலிருந்து மாறி வந்தோர், மாறிப் போனோர் என நான்கையும் ஆண்டுவாரியாகத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். விழுக்காட்டின் அருகில் தலை எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்; நாற்பது பேர் கூடும் வீட்டுச் சபையில் இருபது பேர் சேர்ந்தால் 50 விழுக்காடு, நாலாயிரம் பேர் உள்ள பங்கில் அறுபது பேர் சேர்ந்தாலும் ஒன்றரைதான்.