புது பார்ட்ஸ் போட்டதும் திக்க ஆரம்பித்த பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிள்: உங்கள் அனுபவம்?

அஸ்தம்பட்டி, சேலம்

நம்மில் பெரும்பாலோர் போல்ட் ஆக்‌ஷன் ஆட்கள். தோட்டாவுக்குப் பின்னால் மூடி நிற்கும் போல்ட்டைக் கையால் இழுக்கிறோம், கையால் தள்ளுகிறோம். ரைஃபிள் தானாக அடுத்த ரவுண்டை (தோட்டாவை) ஏற்றாமல் மக்கர் பண்ணும் தலைவலி நமக்குப் பழக்கமில்லை. எனக்கு அது டெக்சாஸில் இருக்கும் மச்சான் வழியாக வந்து சேர்ந்தது.

அவனிடம் ருகர் 10/22 இருக்கிறது. 1964இல் வந்த மாடல், செமி ஆட்டோமேட்டிக், பத்து ரவுண்டு பிடிக்கும் சுழல் மேகசின். புல்லட் வண்டி வாங்கியவன் மறுநாளே சைலன்சரை மாற்றக் கிளம்புவது போல, அங்கே இதை வாங்கியவன் கை சும்மா இருக்காது. கனமான போல்ட், போல்ட்டைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் அழுத்தமாக ஒன்று, போட்டிக்கான மேட்ச் பேரல் (குழல்), ஸ்கோப்புக்குப் புது மவுண்ட் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டிவிட்டு ரேஞ்சுக்குப் போயிருக்கிறான். ஒன்று வெடித்தால் அடுத்தது வெறும் ‘டிக்’. சில நேரம் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடான காலி கேஸ் வெளியே விழாமல் போல்ட்டில் மாட்டிக் குத்திட்டு நிற்கிறது.

வீடியோ காலில், “மாமா, தோட்டா சரியில்லை போல” என்றான்.

“தோட்டாவை அப்புறம் திட்டலாம். முதலில் மேகசினைக் கழற்று, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று பார்.”

இந்த ரைஃபிளில் போல்ட்டைப் பூட்டி வைக்கும் அமைப்பே கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கின் அழுத்தமும்தான் அதை மூடி வைத்திருக்கின்றன. தோட்டா வெடித்ததும் கேஸே பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளும். அந்த ஒரு தள்ளலில் போல்ட், அடிக்கும் சுத்தியான ஹேமரை மடக்க வேண்டும், ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும், கேஸை வீச வேண்டும், மேகசினில் காத்திருக்கும் ரவுண்டின் பின்விளிம்பையும் தாண்டிப் போக வேண்டும். எடையையும் அழுத்தத்தையும் ஏற்றிவிட்டு மெதுவான தோட்டாவைப் போட்டால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். கேஸ் வெளியே போய் அடுத்த ரவுண்டு ஏறவில்லை என்றால் போல்ட்டின் ஓட்டம் கொஞ்சம்தான் குறைகிறது. கேஸே மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் நிறையக் குறைகிறது.

மச்சான் போட்டது விநாடிக்கு 1,070 அடி வேகத்தில் போகும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி. 1,200 அடிக்கு மேல் போகும் ஹை வெலாசிட்டியைப் போடச் சொன்னேன். கேஸ் மாட்டுவது நின்றது, ‘டிக்’ நிற்கவில்லை. அப்படியென்றால் வேறு எதுவோ போல்ட்டைப் பிடித்து இழுக்கிறது. போல்ட்டைக் கழற்றிக் கேமரா முன்னால் காட்டச் சொன்னேன். மேல்பக்கத்தில் நீளமாக, பளபளவென்று ஒரு புதுக் கீறல். மவுண்ட் ஸ்க்ரூ நீளம் அதிகம். போல்ட் ஓடும் கூடான ரிசீவரின் கூரையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, போல்ட் போகும்போதும் வரும்போதும் உரசிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் எவ்வளவு மாற்றினாலும் இது தெரிந்திருக்காது.

அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி மாட்டச் சொன்னேன். தோட்டாவையும் மேகசினையும் மாற்றாமல், புது பார்ட்ஸை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். குட்டை ஸ்க்ரூவும் கம்பெனி ஸ்பிரிங்கும் வந்ததும், கனமான போல்ட்டோடேயே ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியும் ஓடுகிறது. ‘மேட்ச்’ என்று எழுதி ஸ்பிரிங் விற்பதில் பாதி வெறும் பேச்சு என்பது என் கருத்து. மேட்ச் பேரல் அப்படியில்லை, அதனால் குறி நிஜமாகவே கூடியிருக்கிறது. ஆனால் அதன் சேம்பர் இறுக்கமானது. சீக்கிரம் சுத்தம் கேட்கும். சிசிஐ ஸ்டிங்கர் போன்ற, கேஸ் நீளம் கூடிய தோட்டாவை அதில் போடவே கூடாது.

நாகலூர் பக்கம், ஏற்காடு

எங்கள் காபித் தோட்டத்தில் இருப்பது தாத்தா காலத்து போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவோம். ஒருமுறை வாங்கி வந்த பிறகு, லைசென்ஸ் உள்ள கடையில் கேஸை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டருக்குப் புது ஸ்பிரிங் போட்டோம். அதன் பிறகு காலி கேஸ் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் சேம்பருக்குள் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து ஒரு வளையம். முன்பு .22 ஷார்ட் தோட்டாவை இதில் நிறையச் சுட்டிருக்கிறார்கள். அதன் கேஸ் குட்டை என்பதால் அழுக்கு அதற்கு முன்னால் படிகிறது. பிறகு அதைவிட நீளமான லாங் ரைஃபிள் தோட்டாவின் கேஸ் அங்கே போய்ச் சிக்குகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. ஸ்பிரிங் மேல் தப்பே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் வீட்டு மேசையில் வைத்துக் கழற்றுவது டெக்சாஸ் கதை. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் கடைக்கும் லைசென்ஸ் வேண்டும். லேத் பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங் சுற்றிக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சூரமங்கலம்

அந்த ‘டிக்’ பற்றி மட்டும். சேம்பர் காலியாக இருந்து வரும் டிக் வேறு, உள்ளே ரவுண்டு இருந்தும் வெடிக்காமல் வரும் டிக் வேறு. கிளப் நண்பர் ஒருவரின் ரைஃபிளில் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு மென்மையான ஸ்பிரிங் போட்ட பிறகு இரண்டாவது வகை வந்தது. பாயின்ட் டூ டூ போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நன்றாக நசுக்கினால்தான் பற்றும். வெடிக்காத ரவுண்டின் விளிம்பைப் பாருங்கள். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் முதலில் ஸ்பிரிங்கையும் பின்னையும் பாருங்கள். ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், அரை நிமிடமாவது பொறுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.