கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு: ஆடுது, கையை உதறுது. என்ன செய்யலாம்?

கேள்வி: 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் 110 மி.மீ., 40 பல் பிளேடு மாட்டி 19 மி.மீ. பிளைவுட் அறுக்கிறேன். கார்டு (பிளேடை மூடும் பாதுகாப்பு மூடி) இடித்ததால் கழற்றிவிட்டேன். பிளேடு ஆடுது, ரெண்டு தடவை மிஷின் மேலே துள்ளிடுச்சு. வாஷர் போட்டா சரியாகுமா?

பதில் 1: முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க, தம்பி. ஆட்டத்துக்குக் காரணம் ஓட்டை. அந்த பிளேடு மார்பிள் கட்டருக்கு (கல், டைல்ஸ் அறுக்கும் மிஷின்) வருவது, ஓட்டை 20 மி.மீ. உங்க கிரைண்டரில் பிளேடு உட்காரும் பிளாஞ்சு 16 மி.மீ. நடுவில் நிற்காம ஒரு பக்கம் ஒதுங்கிச் சுற்றுது. வாஷர் மாதிரி ஓட்டையைச் சின்னதாக்கும் ரிங் போட்டா ஆட்டம் நிற்கும். ஆபத்து அப்படியேதான் இருக்கும், அதனால ரிங் வாங்கவே வேண்டாம்.

கல் டிஸ்க் இரும்பைத் தேய்த்துத் தின்னும். மர பிளேடின் பல் கடித்து இழுக்கும். நிமிடத்துக்கு 11,000 சுற்றில் 110 மி.மீ. பிளேடின் விளிம்பு மணிக்கு 228 கி.மீ. வேகத்தில் ஓடும். கிரைண்டருக்கு, பலகை மேல் படிந்து நகரும் பேஸ் பிளேட் கிடையாது. கை ஒரு நூல் சாய்ந்தாலும் பிளேடு வெட்டுக்குள்ள இறுகி, மிஷின் உங்க பக்கமே தூக்கி அடிக்கும். ஸ்லைடு சுவிட்ச் என்பதால் கையை விட்டாலும் நிற்காது. ரெண்டு தடவை துள்ளிய பிளேடு வளைந்திருக்கலாம், தூக்கிப் போடுங்க.

கேட்டவர்: மார்பிள் கட்டரில் மாட்டினா?

பதில் 2: ஓட்டை பொருந்தும், பேஸ் பிளேட்டும் உண்டு. ஆனா அடியில் தானா மூடிக்கொள்ளும் கார்டு இல்லை. வெட்டி முடித்துத் தூக்கும்போது சுற்றுகிற பிளேடு தொடைப் பக்கம் திறந்தே இருக்கும். வேண்டாம்.

7 இன்ச் சர்க்குலர் சா (மரம் அறுக்கும் வட்ட ரம்ப மிஷின்) வாடகைக்கு எடுங்க. பிளைவுட்டின் நல்ல பக்கம் கீழே இருக்கணும், பல் கீழிருந்து மேலே வருவதால் மேல்பக்கம்தான் பிய்யும். பிளேடு ஆழம் 25 மி.மீ. போதும். அடியில் நாலு ரீப்பர் (மரச் சட்டம்) வைத்து, வெட்டுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டுன்னு தாங்கல் கொடுங்க. தாங்கல் இல்லாம பலகை நடுவில் தொய்ந்தா வெட்டு மூடி பிளேடைப் பிடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துணிக் கையுறை கூடவே கூடாது.

பதில் 3: கார்டைக் கழற்றியவங்க அடுத்து 7 இன்ச் டிஸ்க்கும் மாட்டிப் பார்ப்பாங்க, அதையும் சொல்லிடறேன். 180 மி.மீ. கல் டிஸ்க்கில் 8,500 சுற்றுன்னுதான் அச்சடித்திருக்கும். 11,000-இல் ஓடினா துண்டு துண்டா தெறிக்கும். 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வெல்டிங்கைத் தேய்த்தாலும் இதே கதி. அதுக்கு 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் தனியா இருக்கு.

கேட்டவர்: கார்டைத் திரும்ப மாட்டிட்டேன். இன்னொரு வேலை, ஒரு கதவோட அடியில் 3 மி.மீ. மட்டும் குறைக்கணும், அதுக்கும் சர்க்குலர் சாவா?

பதில் 1: வேண்டாம், இழைப்புளி போதும். ரெண்டு ஓரத்திலிருந்தும் நடுப்பக்கமா இழைங்க, ஓரம் பிய்யாது.