95 சென்டிமீட்டர் மழைக்கு எந்தக் குளமும் தாங்காதா?

கணக்குப்புள்ள | காலை 10.40

2023 டிசம்பர் தென்மாவட்ட வெள்ளம் பற்றிய பழைய இழையில ஒருத்தர், "குளத்தை ஒழுங்கா தூர்வாரியிருந்தா ஒரு சொட்டுத் தண்ணி ஊருக்குள்ள வந்திருக்காது"ன்னு எழுதியிருந்தார். கீழே வரிசையா ஆமாம் போட்டிருக்காங்க. எனக்கு மனசு ஒப்பல. அதான் தனி இழை.

டிசம்பர் 18 காலை எட்டரை மணியோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62, மூலைக்கரைப்பட்டியில 61. 30 சதுர கிலோமீட்டர் பரப்புல 95 செ.மீ. விழுந்தா அதுவே ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. பாபநாசம் அணையோட மொத்தக் கொள்ளளவே ஐந்தரை டிஎம்சி. காயல்பட்டினத்துல பெஞ்ச அளவுக்கு 13 கி.மீ.க்கு 13 கி.மீ. சதுரத்துல பெஞ்சா ஒரு பாபநாசம் அணை நிரம்பிடும். இதுல குளத்தை ரெண்டடி ஆழமா வெட்டி என்ன சாதிச்சிருப்பீங்க? அதுவும் மார்கழி பிறக்கிற நேரத்துல. குளமெல்லாம் காலியாவா இருந்திருக்கும்?

மறுகால் | காலை 11.25

கணக்கு சரி அண்ணாச்சி. ஆனா குளம்னா தண்ணியைத் தேக்குற தொட்டின்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுதிய. மிஞ்சுனதை அடுத்த குளத்துக்குக் கடத்தி விடுறதும் அதோட வேலைதான். நிறைஞ்சா மறுகால், அதாவது மிஞ்சுன தண்ணி வெளியேற விட்ட வழி, பாயணும், அது ஓடை வழியா கீழ்க்குளம் போகணும், கடைசியில ஆத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேரணும்.

எங்கூரு மறுகால் ஓடையில அந்தக் காலத்துல ரெண்டு மாட்டுவண்டி ஒண்ணுபோல இறங்கும்னு எங்க தாத்தா சொல்லுவார். இப்ப குறுக்க ஒரு ரோடு. ரோட்டுக்கு அடியில மூணு சிமெண்டுக் குழாய். அதுல ரெண்டுக்குள்ள சீமைக்கருவேல முள்ளும் சாக்கும் அடைஞ்சு, கையை விட்டா மண்ணுதான் வரும். 17-ஆம் தேதி ராத்திரி மறுகால்ல போக வேண்டிய தண்ணி கரைமேல ஏறிச்சு. மண்கரைமேல தண்ணி வழிய ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் நிக்கும்? உடைஞ்சது. உடைஞ்ச தண்ணி மொத்தமா கீழ்க்குளத்துல போய் விழுந்தது, அதுவும் உடைஞ்சது. இதுல வானத்துல இருந்து விழுந்தது எவ்வளவு, கரை உடைஞ்சு வந்தது எவ்வளவு? உங்க செ.மீ. கணக்குல அது இல்லயே.

கணக்குப்புள்ள | காலை 11.50

ஒத்துக்கிறேன், குழாய் அடைச்சிருந்தது தப்புதான். ஆனா மூணு குழாயும் சுத்தமா இருந்திருந்தா கரை நின்னிருக்கும்னு எதை வச்சு சொல்றீங்க? அந்தக் காலத்துல மறுகால் கட்டினவங்க ஒரே நாள்ல 60 செ.மீ. வரும்னு நினைச்சா கட்டினாங்க? பெரிய குளமான கோரம்பள்ளமே உடைஞ்சுதானே தூத்துக்குடிக்குள்ள தண்ணி வந்தது. வரலாறு காணாத மழைன்னு ஒண்ணு இருக்குங்க. அதுக்கும் ஆள் தேடிக்கிட்டே இருந்தா எப்படி?

மறுகால் | நண்பகல் 12.10

"வரலாறு காணாத"ங்கிறதை மட்டும் விட்டுருங்க. 1992 நவம்பர்ல மாஞ்சோலைக்கு மேல காக்காச்சியில 96 செ.மீ. பதிவாகியிருக்கு. அந்த வருஷமும் தாமிரபரணி ஊருக்குள்ள வந்தது. பார்த்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்க. 31 வருஷத்துல மறந்து போச்சு, அவ்வளவுதான்.

கணக்குப்புள்ள | நண்பகல் 12.30

அது மலை, இது சமவெளி. மலையில கொட்டுனா குறுக்க பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறுன்னு அணைகள் இருக்கு, கொஞ்சமாவது பிடிச்சு வைக்கலாம். 2023-ல அணைக்கெல்லாம் கீழ, கடலோரத்துல கொட்டிச்சு. ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணியோட எட்டாவது அணைக்கட்டு, கடைசி அணைக்கட்டு. அது வாய்க்காலுக்குத் தண்ணியைத் திருப்புற தடுப்பு, வெள்ளத்தை நிறுத்துற அணை கிடையாது. இடையில சிற்றாறு வேற சீவலப்பேரியில வந்து சேருது. "அணையைத் திறந்துவிட்டுக் கெடுத்துட்டான்"னு இன்னொரு கூட்டம் சொல்லுதே, அவங்களுக்கும் இதுதான் பதில்.

ஆத்தோரம் | பிற்பகல் 2.15

அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். ஏரல் பக்கம் வீடு.

ஞாயித்துக்கிழமை பூரா மழை. சாயங்காலம் முற்றத்துல கணுக்கால் அளவு நின்னது. அது மழைத்தண்ணி, வாளி வச்சு இறைச்சிக்கிட்டு இருந்தோம். அதுக்கப்புறம் ராத்திரி கொல்லைப்புறக் கதவுக்கு அடியில வந்தது வேற தண்ணி. செக்கச்செவேல்னு கலங்கல். வந்த வேகத்துல அரிசி டிரம் சாய்ஞ்சது. டார்ச் அடிச்சுப் பார்த்தா வாழை மொத்தமா, குலையோட, மதிலைத் தாண்டி மிதந்து வருது. அம்மாவை நாற்காலியோட தூக்கி பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டு போனோம். கரண்ட் இல்ல, போன்ல டவர் இல்ல. மாடியில இருந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. அணைங்கிறான் ஒருத்தன், குளம் உடைஞ்சதுங்கிறான் இன்னொருத்தன். விடியுற வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியல.

உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஆட்டோவுல மைக் கட்டி "மாடிக்குப் போங்க"ன்னு சொல்லியிருந்தா எங்க வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் தப்பிச்சிருக்கும்.

வானம்பார்த்தான் | பிற்பகல் 3.05

இந்த இடத்துல ஒரு விஷயம். அன்னிக்கு சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க. 24 மணி நேரத்துல 20 செ.மீ.யைத் தாண்டிட்டா வானிலைத் துறை கணக்குல எல்லாமே "அதி கனமழை". 21 செ.மீ. விழுந்தாலும் அதே பெட்டி, 95 விழுந்தாலும் அதே பெட்டி. 21 செ.மீ.ன்னா தெரு நாறும், ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். ஊரே முங்கும்னு அந்தச் சிவப்பு நிறம் யாருக்கும் சொல்லாது.

இன்னொண்ணு, பேரு. ரெண்டு வாரம் முன்னாடி சென்னைக்கு வந்தது மிக்ஜாம் புயல். பேர் இருந்தது, இங்க இருக்கு, இப்படி நகருதுன்னு டிவியில நாள் பூரா படம் ஓடிச்சு. தெற்க வந்தது குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்கு சுழற்சி. அதுக்குப் பேரும் இல்ல, கோடு போட்டுக் காட்டக் கண்ணும் இல்ல. பேர் இல்லாத மழைக்கு நம்ம ஆளுங்க பயப்படுறதில்ல. நானும்தான். அன்னிக்கு சாயங்காலம் பஜ்ஜிக்குப் பொருத்தமான மழைன்னு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டவன் நான். இப்ப நினைச்சாலும் கூசுது.

குறிப்பிட்ட ஒரு ஊர்ல 95 விழும்னு முன்கூட்டியே சொல்லுற வித்தை யார்கிட்டயும் இல்லைங்கிறதையும் சொல்லிடறேன். வானிலைக்காரனை மட்டும் அடிக்காதீங்க.

ஆத்தோரம் | பிற்பகல் 3.40

வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்வே. தரையைப் பார்த்துச் சொன்னாப் போதும். அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின ரயிலை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சாங்கல்லா? எண்ணூறு பேர் இருந்தாங்க. மேற்க செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லி பூரா அரிச்சு தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. வண்டியை விட்டிருந்தா? பாதை சரியில்லன்னு ஒரு தகவல் வந்தது, வண்டி நின்னது. அதே மாதிரி மேல்குளம் கரை வழியுதுன்னு கீழ்க்குளத்து ஊருக்கு ஒரு போன் வந்திருக்கணும். அதுக்கு எத்தனை செ.மீ.ன்னு தெரிய வேண்டியதில்ல.

நெறியாளர் | மாலை 4.20

டெல்லி, சென்னை, யார் முந்தி எச்சரிச்சாங்கன்னு தொடங்கின நாலு பதிவுகளை நீக்கியிருக்கேன். அந்தச் சண்டைக்கு வேற இழை இருக்கு. இங்க தண்ணியைப் பத்திப் பேசுங்க.

கணக்குப்புள்ள | மாலை 5.10

ஆத்தோரம், நீங்க சொன்னதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. நான் எதிர்க்கிறது "தூர்வாரினா போதும்" என்கிற மந்திரத்தை. 2015-ல ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாரச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. மண்ணை அள்ளுறதுன்னா எல்லாருக்கும் ஆர்வம்தான், மணலுக்கு விலை இருக்கே. மறுகாலைச் சரிபண்ணுறதுல அள்ளிட்டுப் போக ஒண்ணும் இல்ல, அதனால கேட்க நாதியில்ல. அந்த வகையில மறுகால் சொல்றது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்குது.

மறுகால் | மாலை 5.45

உங்க பக்கமா! காலையில என்ன எழுதினீங்கன்னு மேல போய்ப் பாருங்க அண்ணாச்சி.

சரி, உடைஞ்ச அந்த ரோட்டைச் சரிபண்ணிட்டாங்க, சொல்ல மறந்துட்டேன். தார் போட்டு வெள்ளைக்கோடு எல்லாம் போட்டாச்சு. கீழ அதே மூணு குழாய். புதுக் குழாய்.

கணக்குப்புள்ள | மாலை 5.58

விட்டம் எவ்வளவு? பழைய அளவேதானா? ஓடை அகலமும், குழாய் விட்டமும், மறுகால் நீளமும் தந்தா எத்தனை கன அடி போகும்னு கணக்குப் போட்டுத் தர்றேன். மனு எழுதறதுக்காவது ஆகும்.

மறுகால் | மாலை 6.20

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். டேப் எடுத்துட்டுப் போய் அளந்து போடுதேன்.

ஆத்தோரம் | மாலை 6.31

அப்படியே கீழ்க்குளத்து ஊர்ல யாருக்கு போன் பண்ணணும்னு ஒரு நம்பர் வாங்கிட்டு வாரும்.