பாண்டியில் 64 சீட் பார்: எத்தனை பேர் வருவாங்க, ஆளுக்கு எவ்வளவு செலவு பண்ணுவாங்க?

கல்லாப்பெட்டி:

மிஷன் வீதிக்குப் பக்கத்துல முதல் மாடியில லவுஞ்ச் பார் போடத் திட்டம். நாலு பேர் டேபிள் 14, கவுண்டர்ல ஸ்டூல் 8, மொத்தம் 64 சீட். பேங்குக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஆடிட்டர் போட்ட கணக்கு: 64 சீட் × 3 ரவுண்டு (ஒரு சீட்ல ஒரு நாளைக்கு மூணு தடவை ஆள் மாறும்னு) × ஆளுக்கு ₹1,200 × 30 நாள் = மாசம் ₹69.12 லட்சம். நம்ப முடியல. எங்கே தப்பு, சரியா எப்படிப் போடுறது?

லார்ஜ்60:

மூணு பெருக்கலும் தப்பு சார். முதல்ல சீட்டைப் பார்ப்போம்.

நாலு பேர் டேபிள்ல நாலு பேர் உக்கார்றது அபூர்வம். ரெண்டு பேர் வந்தாலும் அந்த டேபிள் போச்சு, வேற ஆளைப் பக்கத்துல உக்கார வைக்க முடியாது. குரூப்புக்குச் சராசரி 2.7 பேர்னு வைங்க: 14 டேபிளுக்கு 38 பேர். ஸ்டூல்ல 5 பேர். ஆக ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டு மாட்டினாலும் உள்ளே 43 பேர்தான்.

அடுத்தது ரவுண்டு. கூட்டம் நிக்கிற நேரம் ராத்திரி 7:30 முதல் 10:30 வரை, 180 நிமிஷம். ஒரு குரூப் 105 நிமிஷம் உக்காரும், பில் போட்டு டேபிள் துடைக்க இன்னொரு 10. 180 ÷ 115 = 1.6 ரவுண்டு. சனிக்கிழமைக்கே அவ்வளவுதான், 69 பேர். மதியம், சாயங்காலம் சேர்த்து 25 போட்டா 94. வெள்ளி 75, ஞாயிறு 60 (மதியத்துக்கு மேல வெளியூர்க்காரங்க வண்டியைத் திருப்பிடுவாங்க), திங்கள் முதல் வியாழன் வரை தினம் 30. வாரம் 349, மாசம் 1,500. ஆடிட்டர் கணக்குல 5,760!

வாரநாள் 30ங்கிறது என் ஊகம்தான். அதை நீங்க எண்ணித்தான் தெரிஞ்சுக்கணும்.

பில்நம்பர்:

எண்ணுறதுக்கு வழி: உங்க ரகத்துல மூணு பாரைத் தேர்ந்தெடுங்க. கூட்டமா இருக்கிறதை மட்டும் எடுத்தா ஏமாந்துடுவீங்க, ஈயோட்டுற ஒண்ணும் வேணும். செவ்வாய், வெள்ளி, சனி, ரெண்டு வாரம். திறந்ததும் போய் ஒரு சோடா வாங்கி பில்லை வெச்சுக்குங்க. மூடப்போற நேரத்துல இன்னொண்ணு. ரெண்டு பில் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் அன்னைக்கு ஓடின பில். அதை 2.7ஆல பெருக்குங்க. ரெண்டு கம்ப்யூட்டர்ல தனித்தனி வரிசை ஓடினாலோ, ஹோட்டல் ரூம் பில்லும் அதே வரிசையில வந்தாலோ கணக்கு கெட்டுடும். அதனால ஒரு நாளாவது வாசல்ல ஆளை நிறுத்தி அரை மணிக்கு ஒரு தடவை தலையை எண்ணி ஒத்துப் பாருங்க.

பார்க்கிங்ல நம்பர் பிளேட்டையும் குறிச்சுக்குங்க. கே.ஏ. வண்டி வெளியூர்தான். டி.என்.ல கவனம்: 31 கடலூர், 32 விழுப்புரம், அவங்க பக்கத்து ஊர்க்காரங்க, வாரநாள்லயும் வருவாங்க. பி.ஒய். பிளேட் எல்லாம் உள்ளூர்னு எழுதிடாதீங்க. வரிக்காக இங்கே பதிவு பண்ணிட்டு சென்னையில ஓடுற கார் ஏராளம். பைக்கை நம்பலாம், காரை நம்ப முடியாது.

சைடுடிஷ்:

ஆளுக்கு ₹1,200 எங்கேர்ந்து வந்ததுன்னு கேளுங்க. மெனுவுல இருக்கிற விலையுயர்ந்த காக்டெய்லை ரெண்டால பெருக்கியிருப்பாங்க.

100 தலைக்குப் போடுங்க. 75 பேர் குடிப்பாங்க. மீதி வண்டி ஓட்டுறவர், கூட வந்தவங்க. குடிக்கிறவருக்கு 2.5 கிளாஸ், ஒண்ணு சராசரி ₹220: 75 × 550 = ₹41,250. சாப்பாடு 100 பேருக்கும் ₹250: ₹25,000. மொத்தம் ₹66,250, தலைக்கு ₹662. 1,500 பேருக்கு மாசம் ₹10 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. விலையை உங்க மெனுப்படி மாத்திக்குங்க, ஆனா வரி சேர்க்காத விலையாப் போடுங்க. சரக்கு ஜி.எஸ்.டி.க்குள்ள வராது, மாநில வரி, சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. ரெண்டும் நம்ம காசு இல்ல.

பாண்டியில தெருவுக்குத் தெரு சில்லறைச் சரக்குக் கடை. அங்கே ஃபுல் வாங்கி ரூம்ல குடிக்கிறவன்தான் உங்க நிஜப் போட்டி. பெக் விலையை ஏத்தினா தலை வருமானம் ஏறும்னு நினைக்காதீங்க, ரெண்டாவது பெக் ரூமுக்குப் போயிடும். 750 மில்லி பாட்டில்ல 60 மில்லி லார்ஜ் பன்னிரண்டரை. கணக்குல 12 மட்டும் எழுதுங்க.

லார்ஜ்60:

மாசக் கணக்குக்கு ஒரு நாளை 30ஆல பெருக்கவே கூடாது, காலண்டரோட போடணும். அக்டோபர் 2 கடை இல்ல. தேர்தல்னா வாக்குப்பதிவு முடியிறதுக்கு முந்தின 48 மணி நேரமும், எண்ணுற நாளும் போச்சு. கார்த்திகை மாலை போட்டதுல இருந்து தை பிறக்கிற வரைக்கும் உள்ளூர் செட்டுல ஒருத்தர் மாலை போட்டா மீதி மூணு பேரும் வரமாட்டாங்க. அதே சமயம் ஐப்பசி, கார்த்திகை மழை. உள்ளூர்க்காரர் பைக்ல வர்றவர். ஆனா டிசம்பர் கடைசி வாரம் வெளியூர்க் கூட்டம் பிதுங்கும். மாசச் சராசரி எடுத்தா டிசம்பர் நல்லாத்தான் தெரியும், முதல் மூணு வாரச் சம்பளத்தைக் கொடுக்கும்போது தெரியும் நிலைமை.

கல்லாப்பெட்டி:

நன்றி. வாடகை, சம்பளம், கரண்ட், லைசென்ஸ் மாசப் பங்கு எல்லாம் ₹5.5 லட்சம். தாங்குமா?

சைடுடிஷ்:

சரக்கும் சமையல் சாமானும் போக 62 சதவீதம் நிக்கும்னா, 5.5 ÷ 0.62 = ₹8.87 லட்சம். ₹662ஆல வகுத்தா 1,340 தலை, தினம் 45. உங்க மதிப்பீடு 1,500. பத்துல ஒரு ஆள் குறைஞ்சாலே கையைக் கடிக்கும், கடன் தவணை இன்னும் சேர்க்கல. வாடகையைப் பேசிக் குறைங்க, இல்லேன்னா ஆறு டேபிளை ரெண்டு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேர் டேபிள் பன்னிரண்டு ஆக்குங்க. அதே சீட்ல சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் கூட உக்காருவாங்க. அப்படிப் பண்ணினா கவுண்டர்ல ரெண்டு பார்டெண்டர் வேணும்: எட்டு மணிக்கு எல்லாரும் முதல் கிளாஸை ஒரே நேரத்துல கேப்பாங்க, ஒருத்தரால சமாளிக்க முடியாது. முதல் கிளாஸுக்கு இருபது நிமிஷம் காத்திருந்தவர் மூணாவதைக் கேக்க மாட்டார்.